நாமகிரியும் நியூட்டனின் உலையும்

1936 ஜூலையில் லண்டனின் சதபீஸ் ஏல நிறுவனம் ஐசக் நியூட்டனின் கையெழுத்துத் தாள்களை இரண்டு நாள் ஏலம் விட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 9,000 பவுண்டுக்குத்தான் போயின. நியூட்டன் கைப்பட எழுதியவை இவ்வளவு மலிவாகப் போனதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானவற்றில் புவியீர்ப்பும் இல்லை, ஒளியியலும் இல்லை. பாதரசத்தை எப்படிச் சுத்தி செய்வது, ஆண்டிமனியை இரும்போடு எந்த அளவில் சேர்த்து உருக்குவது, தானியேல் தீர்க்கதரிசி கண்ட நாலாம் மிருகத்தின் பத்துக் கொம்புகள் எந்தெந்த ராஜ்யங்கள், சாலொமோன் கட்டிய தேவாலயத்தின் பிராகாரம் எத்தனை முழம் என்பவையே பக்கம் பக்கமாக இருந்தன.

இந்தத் தாள்களை ஒதுக்கியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். 1727இல் நியூட்டன் இறந்ததும் ராயல் சொசைட்டியைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் பெல்லட் அவற்றைப் புரட்டிப் பார்த்து, அச்சிடத் தகுதியற்றவை என்று கட்டுகளின் மேல் குறித்து வைத்தார். 1872இல் போர்ட்ஸ்மத் பிரபு குடும்பம் தன்னிடமிருந்த தாள்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. பல்கலைக்கழகம் பதினாறு ஆண்டுகள் அவற்றைத் தரம் பிரித்தது. 1888இல் கணிதமும் இயற்பியலும் உள்ளவற்றை வைத்துக்கொண்டு, ரசவாதத்தையும் வேத ஆராய்ச்சியையும் பெரும்பாலும் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

ஏலத்தில் பல கட்டுகளை வாங்கியவர் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். பிறர் கைக்குப் போனவற்றையும் பின்னால் தேடிப்பிடித்துச் சேர்த்தார். இறையியல் தாள்களில் பெரும்பகுதி ஆபிரகாம் யஹூதா என்ற அறிஞரிடம் சேர்ந்து, இன்று ஜெருசலேமில் இஸ்ரேலின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்த கெய்ன்ஸ், நியூட்டனைப் பகுத்தறிவு யுகத்தின் முதல் மனிதர் என்று கொள்ளக் கூடாது, மந்திரவாதிகளின் வரிசையில் கடைசியானவர் என்றே கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் எழுதி வைத்திருந்த உரையை, அவர் மறைவுக்குப் பிறகு 1946இல் டிரினிட்டி கல்லூரியில் தம்பி ஜெஃப்ரி வாசித்தார்.

பெல்லட் இரண்டு நியூட்டன்களைப் பிரித்து ஒருவரை மறைத்தார். கெய்ன்ஸ் மறைந்திருந்தவரை வெளியே கொண்டுவந்தார். ஆனால் இருவருமே நியூட்டன் அறியாத ஒரு கோட்டைக் கிழித்தார்கள். நியூட்டன் தமக்குத் தாம் ஒருவராகவே இருந்தார். இங்கேதான் தத்துவக் கேள்வி ஒன்று எழுகிறது. ஒரே மனிதர், ஒரே அறை, ஒரே அளவு பிடிவாதம். அதில் பாதி உலகத்தின் இயக்கத்தையே திறந்து காட்டியது, மீதி எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவருக்கு உள்ளுக்குள் அந்த வேறுபாடு தெரிந்திருக்க ஏதாவது வழி இருந்ததா?

அந்தப் பிடிவாதத்தின் அளவைப் பார்க்க அவருடைய இளமைக்கால நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நிறம் என்பது வெளியிலிருந்து வருகிறதா, கண்ணே உண்டாக்கிக்கொள்கிறதா என்று அறிய விரும்பிய நியூட்டன், கோணி ஊசி போன்ற ஒன்றை எடுத்துத் தம் கண்ணுக்கும் கண்குழி எலும்புக்கும் நடுவே, கண்ணின் பின்புறத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு செருகினார். அழுத்தினார். வெள்ளையும் கறுப்பும் பல நிறங்களுமாக வட்டங்கள் தெரிந்தன. ஊசியை அசைத்தால் வட்டங்கள் தெளிவாகின்றன, அசைக்காமல் வைத்திருந்தால் மங்குகின்றன என்று குறித்துக்கொண்டார். கண்ணையும் ஊசியையும் படமாக வரைந்து பாகங்களுக்கு எழுத்துக் குறியும் இட்டார். இன்னொரு முறை கண்ணாடியில் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்து, பார்வை தேறுவதற்காக நாள்கணக்கில் இருட்டறையில் அடைந்து கிடந்தார்.

பிறகு உலை. டிரினிட்டி கல்லூரி வாசலருகே அவர் அறைக்குக் கீழே ஒரு சிறு தோட்டம்; அங்கே அவருடைய ரசவாதக்கூடம் இருந்தது. 1680களில் ஐந்து ஆண்டுகள் அவருக்கு எழுத்தராக இருந்த ஹம்ஃப்ரி நியூட்டன் (உறவினர் அல்லர், பெயர் மட்டும் ஒன்று) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்: வசந்தத்தில் சுமார் ஆறு வாரமும் இலையுதிர் காலத்தில் ஆறு வாரமும் அந்த உலை இரவு பகலாக அணைவதில்லை. ஓர் இரவு ஐயா விழித்திருப்பார், மறு இரவு ஹம்ஃப்ரி. சாப்பாடு வைத்தது வைத்தபடி ஆறிக்கிடக்கும். விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்குப் படுக்கப்போவதும் உண்டு. எதை நாடி இவ்வளவு பாடுபடுகிறார் என்பது மட்டும் ஹம்ஃப்ரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்கிபியா நூலைப் படியெடுத்துத் தந்தவரும் இதே ஹம்ஃப்ரிதான். புவியீர்ப்புக் கணக்கும் ஆண்டிமனிக் குழம்பும் ஒரே மாதங்களில், ஒரே கையில்.

மதத்திலும் அதே ஆழம், அதே தனிமை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒன்றே என்ற திரித்துவக் கோட்பாடு நாலாம் நூற்றாண்டில் புகுத்தப்பட்ட பிழை என்ற முடிவுக்கு நியூட்டன் வந்திருந்தார். அந்தத் திரித்துவத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரியில்தான் அவர் வாழ்ந்தார். கல்லூரி உறுப்பினராக நீடிக்கக் குருப்பட்டம் பெற வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தபோது, 1675இல் அரசரின் விலக்கு கிடைத்ததால் தப்பினார். தம் கொள்கையை வெளியே சொல்லவில்லை. அவருக்குப் பின் அவருடைய கணிதப் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்த வில்லியம் விஸ்டன் அதை வெளிப்படையாகச் சொன்னார். 1710இல் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. நியூட்டனோ மரணப்படுக்கையில் திருச்சபையின் கடைசிச் சடங்கை மறுத்துத்தான் தம் நிலையைக் காட்டினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, வேதத்தை அவர் படித்த முறை. வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பொருள் காண்பதற்கு முன் அவர் விதிகளை வகுத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்கு ஓரிடத்தில் ஒரு பொருள் என்றால் தக்க காரணமின்றி மறு இடத்தில் மாற்றக் கூடாது. எளிய பொருள் இருக்கையில் சிக்கலானதைத் தேடக் கூடாது. பிரின்கிபியாவில் இயற்கையை ஆராய வகுத்த விதிகளும் இதே சாயல் கொண்டவை. கிரேக்கப் புராணத்து ஆர்கோ கப்பல் பயணத்தின் காலத்தைக் கணிக்க அவர் கையாண்டது வானியல்: வசந்த சமநாள் புள்ளி 72 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது; அக்காலத்தவர் அந்தப் புள்ளியை எந்த விண்மீன்களருகே கண்டார்கள் என்று தெரிந்தால் ஆண்டைக் கணித்துவிடலாம். கணக்கு சரி. ஆனால் புராணப் பயணத்தை வரலாறாகவும், பின்னாளில் எழுதப்பட்ட குறிப்பைக் கண்கூடான அவதானிப்பாகவும் எடுத்துக்கொண்டதால் விடை தப்பிப் போயிற்று. உலகத்தின் முடிவு 2060க்கு முன் வராது என்று ஒரு தாளில் எழுதி வைத்ததற்கும், ஆளாளுக்கு நாள் குறித்துப் பயமுறுத்துவதை நிறுத்த வேண்டும் என்று காரணம் சொன்னார். பித்துப் பிடித்தவரின் பேச்சு இது இல்லை. நல்ல கருவியைப் பிடிமானமில்லாத பொருளின் மேல் வைத்து உழைத்தவரின் பேச்சு.

அப்படியானால் எது உண்மைக்குக் கொண்டுசேர்க்கும், எது சேர்க்காது என்பதை முயற்சியின் நேர்மையைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இதை ஏற்றுக்கொள்வது கடினம். மனம் ஒன்றி உழைத்தால் மெய் கைகூடும் என்றுதான் எல்லோரும் நம்ப விரும்புகிறார்கள்.

இந்த இடத்தை இந்தியத் தத்துவ மரபு வெகு காலத்துக்கு முன்பே கூர்மையாக விவாதித்திருக்கிறது. மீமாம்சகர்கள், குறிப்பாகக் குமாரில பட்டர் வழியினர், ஓர் அறிவு தோன்றும்போதே தன் மெய்ம்மையோடு தோன்றுகிறது என்றார்கள். பொய் என்பதற்குத்தான் வெளியிலிருந்து சான்று வர வேண்டும். நியாய மரபினர் இதை மறுத்தார்கள். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. அது தண்ணீர்தானா, கானலா என்பதைப் பார்த்தபோது எழுந்த உறுதி சொல்லாது. நடந்துபோய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால்தான் அந்த அறிவு மெய்யென்று தெரியும். தமிழில் மணிமேகலையே வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் முன் நின்று, எதை எதைக் கொண்டு ஒன்றை அறியலாம் என்ற அளவைகளின் கணக்கைத்தான் முதலில் கேட்கிறாள். தெய்வம் உண்டா என்ற கேள்விக்கு முன்னால், தெரிந்தது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்ற கேள்வி நிற்கிறது.

அறிவியலாளர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இரு தரப்புக்கும் இடம் இருக்கிறது. தேடும்போது ஒருவர் மீமாம்சகராகத்தான் இருக்க முடியும். தாகம் தீருமா என்று முன்கூட்டியே தெரியாமல், தெரிந்ததைத் தண்ணீர் என்று நம்பித்தான் நடக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆறு வாரம் உலையருகே விழித்திருக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் நடந்து சேர்ந்த பிறகு நியாயவாதியின் சோதனைக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது செயலில்தான் விசித்திர மேதைகள் ஒருவருக்கொருவர் வேறுபட்டார்கள்.

யோகான்னஸ் கெப்ளர் அதற்குத் தெளிவான சாட்சி. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் ஊரில் இளம் ஆசிரியராக இருந்த அவருக்கு, 1595இல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது தோன்றிய ஒரு வடிவக் கணக்கு, இறைவன் கோள்களை அடுக்கிய திட்டமாகப் பட்டது: அன்று அறிந்த கோள்கள் ஆறு, அவற்றுக்கிடையே இடைவெளி ஐந்து, ஒழுங்கான திண்ம வடிவங்களும் சரியாக ஐந்தே. பாதிரியாராக நினைத்திருந்தவர், வானியலிலேயே கடவுளுக்கு ஊழியம் செய்துவிட்டதாகப் பூரித்தார். அந்தத் திட்டம் தவறு. ஆனால் அதை மெய்ப்பிக்க நல்ல அளவீடுகள் தேடித்தான் அவர் பிராகுக்கு வானியலாளர் டைக்கோ பிராஹேயிடம் போனார். செவ்வாய்க்கு அவர் போட்ட வட்டப் பாதை டைக்கோவின் அளவீட்டிலிருந்து 8 கலை விலகியது. ஒரு பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை. முழு நிலவின் குறுக்களவில் கால் பங்குதான் இந்த விலகல். இன்னொருவராக இருந்தால் அளவுக் கருவியின் மேல் பழி போட்டிருப்பார். டைக்கோவைப் போன்ற ஓர் அளவீட்டாளரைக் கொடுத்தது இறைவனின் கருணை, அதைப் புறக்கணிப்பது நன்றிகேடு என்று கெப்ளர் கருதினார். ஆண்டுக்கணக்கில் போட்ட கணக்கைத் தூக்கி எறிந்தார். 1609இல் நீள்வட்டம் வந்தது. பக்திதான் அவரைத் தவறான திட்டத்தில் இறக்கியது; தன் கணக்கைவிட வானத்தின் சாட்சியை உயர்த்திப் பிடிக்க வைத்ததும் அதே பக்திதான். ஐந்து திண்மங்களின் மேலிருந்த காதலையோ அவர் கடைசிவரை விடவில்லை. 1621இல் அந்த முதல் நூலைக் குறிப்புகள் சேர்த்து மறுபடி பதிப்பித்தார்.

நியூட்டன் இந்த ஒப்புக்கொடுத்தலை ஒரு பக்கத்தில் செய்தார், மறுபக்கத்தில் செய்யவில்லை. 1672இல் ஒளி பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது ராபர்ட் ஹூக் எதிர்த்தார்; மற்றவர்கள் தங்கள் முப்பட்டகத்தில் செய்து பார்த்து வரவில்லை என்றார்கள்; நியூட்டன் மனம் வெதும்பினார். ஆனால் அந்தச் சச்சரவில்தான் கொள்கை கெட்டிப்பட்டது. ரசவாதத்திலோ அவர் நேர்மாறு. 1676இல் ராபர்ட் பாயில், தங்கத்தோடு சேரும்போது சூடேறும் ஒருவகைப் பாதரசத்தைப் பற்றி வெளியிட்டபோது, ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்குக்கு நியூட்டன் எழுதிய கடிதத்தில், பாயில் இதற்கு மேல் வாய் திறவாமல் இருப்பதே உலகத்துக்கு நல்லது என்ற கருத்தைத் தெரிவித்தார். நம் சித்தர்களின் ரசவாத நூல்களில் உள்ள பரிபாஷை போலவே, அங்கேயும் பச்சைச் சிங்கம், டயானாவின் புறாக்கள், வலை என்று மறைபொருள் பெயர்கள். குருவிடமிருந்து தகுதியானவருக்கு மட்டும் போக வேண்டியது என்ற நம்பிக்கை. அதனால் உலையருகே அவருக்குக் கிடைத்த விடைகளைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல உலகத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்தக் குறிப்புகள் வெறும் பிதற்றல் இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் வில்லியம் நியூமன் குழுவினர் நியூட்டனின் ரசவாதத் தாள்களைப் படித்து, மறைபெயர்களை அவிழ்த்து, ஆய்வகத்தில் செய்தும் பார்த்தார்கள். நட்சத்திரம் போலப் படிகமாகும் ஆண்டிமனி உலோகத்தைச் செம்போடு உருக்கினால், ஊதா நிறத்தில், மேற்பரப்பு முழுவதும் வலைபோல் கோடு விழுந்த கலவை கிடைக்கிறது. வலை என்ற பெயருக்குப் பொருள் அதுதான். கைவேலையாக அது சுத்தமான வேதியியல். அதைத் தாண்டி உலோகங்களின் உயிரைத் தொடும் வழி என்று அவர் நம்பிய பகுதிக்கு மட்டும் எந்த உலையிலும் சாட்சி இல்லை.

வெளிச் சாட்சியே எட்டாத இடத்தில் நம்பிக்கை என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்துக் கணித மேதை கியோர்க் கான்டரின் வாழ்க்கை வேதனையான பாடம். முடிவிலி ஒன்றல்ல, ஒன்றைவிட ஒன்று பெரிய முடிவிலிகள் உண்டு என்று 1874 முதல் அவர் நிறுவத் தொடங்கினார். எண்ணிக்கை எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினாலும் தசம எண்களோடு ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்க முடியாது. முடிவிலி இறைவன் ஒருவனுக்கே உரியது என்று இருந்த காலம் அது. கான்டர் பயந்து ஒளியவில்லை. 1886இல் கர்தினால் ஃபிரான்ஸெலினோடு கடிதம் வழியாக விவாதித்தார்: முழுமுதலான முடிவிலி கடவுளே, தாம் கண்டவை படைக்கப்பட்ட முடிவிலிகள், அவற்றால் கடவுளின் மகிமை குறையாது, கூடும். இந்த உண்மைகள் தம்முடையவை அல்ல, தமக்கு அருளப்பட்டவை, தாம் வெறும் எழுத்தர் என்பதே அவருடைய உறுதி.

அந்த உறுதி சரியான இடத்தில் சரியாக இருந்தது. ஆனால் அதே கான்டர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் ஃபிரான்சிஸ் பேகன் என்பதையும் அதே உறுதியோடு நம்பினார். 1896, 1897இல் அதற்காகச் சிறுநூல்களும் வெளியிட்டார். தொடர்மக் கருதுகோள் எனப்படும் கேள்வியை, அதாவது எண்ணிக்கை எண்களின் முடிவிலிக்கும் தசம எண்களின் முடிவிலிக்கும் நடுவே வேறொன்று உண்டா என்பதை, 1884இல் தீர்த்துவிட்டதாக எழுதினார். சில மாதங்களில் அதற்கு நேர் எதிரானதை நிறுவிவிட்டதாக எழுதினார். அதையும் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டுதான் அவருக்கு முதல் மனநோய் வந்தது. அவர் எவ்வளவு மன்றாடியும் விடை கிடைத்திருக்காது. கர்ட் கோடலும் (1940) பால் கோஹெனும் (1963) காட்டியபடி, வழக்கமான கணிதத்தின் அடிப்படை விதிகளைக் கொண்டு அந்தக் கேள்வியை உண்டென்றும் நிறுவ முடியாது, இல்லையென்றும் நிறுவ முடியாது. உலகப் போரின் பஞ்சத்தில், 1918 ஜனவரியில், ஹாலேயின் மனநல மருத்துவமனையில் கான்டர் இறந்தார். மூன்று உறுதிகள்: ஒன்று மெய், ஒன்று பொய், ஒன்று மெய்யென்றும் பொய்யென்றும் நிறுவ முடியாதது. அவருக்கு உள்ளே மூன்றும் ஒரே வெளிச்சத்தில் நின்றன.

நியூட்டன் உலை மூட்டிய அதே டிரினிட்டி கல்லூரிக்கு 1914இல் கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் போய்ச் சேர்ந்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் குடும்பத்தின் இஷ்ட தெய்வம். கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்ற தடை நீங்கியதே நாமகிரி ராமானுஜனின் அம்மா கோமளத்தம்மாளின் கனவில் வந்து உத்தரவு தந்ததால்தான் என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளுவதாக ராமானுஜன் சொல்வதுண்டு என்று, அவரை நேரில் அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் பதிவு செய்திருக்கிறார்கள். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றியவர் அவர். வழியெல்லாம் அழிந்து, வந்து சேர்ந்த இடம் மட்டும் மிஞ்சிய அந்த நோட்டுகளைப் பார்ப்பவருக்கு அருள்வாக்கு என்று தோன்றுவதில் வியப்பில்லை.

அவரை அழைத்துக்கொண்ட ஜி. எச். ஹார்டி தீவிர நாத்திகர். கடவுளைத் தம் சொந்த எதிரியாகவே பாவித்தவர். டென்மார்க்கிலிருந்து ஒருமுறை சிறு படகில் கொந்தளித்த வடகடலைத் தாண்ட வேண்டியிருந்தபோது, கணிதத்தில் இன்றும் தீராத ரீமன் கருதுகோளை நிரூபித்துவிட்டேன் என்று நண்பருக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டுத்தான் ஏறினார். தாம் மூழ்கினால் அந்தப் புகழ் தமக்கு நிலைத்துவிடும், அதைக் கடவுள் விடமாட்டார் என்பது அவருடைய கணக்கு. கடவுளை இல்லையென்று சொல்லிக்கொண்டே இவ்வளவு நெருக்கமாக அவரோடு வழக்காடியவர்கள் அபூர்வம். ராமானுஜனின் பக்தியை ஆசார ஒழுக்கம் என்ற அளவுக்கு மேல் ஹார்டி ஏற்கவில்லை; அவர் மற்றெவரையும் போலச் சிந்தித்த கணிதர் என்றே வற்புறுத்தினார். ஆனால் ஹார்டி தாமே 1940இல் எழுதிய நூலில், கணித உண்மைகள் நமக்கு வெளியே இருக்கின்றன, நாம் அவற்றைப் படைப்பதில்லை, கண்டு குறித்துக்கொள்கிறோம் என்று உறுதியாகச் சொன்னார். அதற்கு நிரூபணம் கிடையாது. அது அவருடைய நம்பிக்கை. வெளியே ஏற்கனவே இருப்பதை எழுதிக்கொள்கிறோம் என்று கும்பகோணத்துக்காரரும் கேம்பிரிட்ஜ்காரரும் ஒருசேர நினைத்தார்கள். காட்டிக்கொடுப்பவர் ஒருவர் உண்டா என்பதில்தான் பிரிந்தார்கள்.

ஹார்டி விடாமல் கேட்டது நிரூபணத்தை. அதற்கு வலுவான காரணம் இருந்தது. ராமானுஜன் அனுப்பியவற்றில் பகா எண்களைப் பற்றிய சூத்திரமும் ஒன்று. 10 லட்சத்துக்குள் உள்ள பகா எண்கள் 78,498. அவ்வகைச் சூத்திரம் கொடுக்கும் விடை அதிலிருந்து 29 மட்டுமே விலகும். கைக்கெட்டிய எண்களிலெல்லாம் இப்படி அழகாகப் பொருந்தியதால், பிழை என்றும் இவ்வளவு சிறிதாகவே நின்றுவிடும் என்று ராமானுஜன் நம்பினார். அது தவறு. ரீமன் சார்பின் கலப்பெண் சுழிகள் என்று ஒன்று இருப்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. அவை எண்கள் பெரிதாகப் பெரிதாகச் சூத்திரத்தை அலைக்கழிக்கும். ஹார்டி அஞ்சலட்டையில் கடவுளோடு பந்தயம் கட்டியதும் இதே சுழிகளின் பேரில்தான். டிரினிட்டியைச் சேர்ந்த லிட்டில்வுட் 1914இல், பகா எண்களுக்கான இன்னொரு பழைய மதிப்பீடு கணக்கிட்ட இடத்திலெல்லாம் உண்மையைவிடக் கூடுதலாகவே இருந்தாலும், எங்கோ வெகு தொலைவில் அது நிச்சயம் குறைந்தும் போகும், அப்படி முடிவில்லாமல் மாறி மாறி வரும் என்று நிறுவினார். லட்சக்கணக்கான உதாரணங்கள் கூடி ஒன்றைச் சொன்னாலும் பொய்யாகலாம் என்பதற்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை இல்லை.

சரியாக வந்த சூத்திரத்தைத் தாயார் தந்தார், தவறியதை ராமானுஜன் தாமாக எழுதிவிட்டார் என்று பக்தர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும்போது, எது தாயார் வாக்கு என்பதைக் கனவு முடிவு செய்வதில்லை, பின்னால் வந்த நிரூபணம் முடிவு செய்கிறது. நாத்திகர் இதையே திருப்பி, பகா எண் தவறைக் காட்டி, தாயார் வரவே இல்லை என்று வாதிடவும் முடியாது. சூத்திரம் தவறு என்பது அது வந்த வழியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நாமகிரியின் அருளை நம்புவதற்கும் மறுப்பதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம். கணிதத்திடம் அதற்கான சாட்சி இல்லை. இந்த எல்லையை மீறி, ராமானுஜனைத் தெய்வத்துக்கு நிரூபணமாக மேடையில் நிறுத்துவதும், அவர் பக்தியை அறியாமை என்று ஒதுக்குவதும் அவருக்குச் செய்யும் ஒரே அநீதியின் இரண்டு முகங்கள்.

அவர் நியூட்டனைப் போல மறைக்கவில்லை என்பதே முக்கியம். ஆசாரத் தடையைத் தாண்டி, குளிரையும் சைவச் சமையலின் சங்கடத்தையும் பொறுத்துக்கொண்டு, தம் சூத்திரங்களைச் சந்தேகப்படும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இருவரும் சேர்ந்து 1918இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு, ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக (அந்த எண் தனியாக நிற்பதும் ஒரு விதம்) எத்தனை விதமாக எழுதலாம் என்பது. 4 என்றால் 5 விதம். 200 என்றால்? மேஜர் மக்மஹோன் என்ற கணிதர் பழைய முறையில், படிப்படியாகக் கையால் கூட்டி, 3,972,999,029,388 என்று கண்டார். ராமானுஜன், ஹார்டி சூத்திரத்தின் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டினால் அதே எண் வருகிறது, வித்தியாசம் 0.004. இரண்டு பாதைகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கதவில் வந்து நின்றன.

நோயோடு ஊர் திரும்பிய ராமானுஜன் 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்று தாம் பெயரிட்ட 17 சார்புகளைக் கொடுத்தார். அவை எதனால் ஒரு குடும்பம் என்பதற்கு முழு வரையறை தரவில்லை. ஏப்ரல் 26 அன்று இறந்தார். கடைசிக் காலத்துத் தாள்களை 1976இல் கணிதர் ஜார்ஜ் ஆன்ட்ரூஸ் டிரினிட்டியின் ரென் நூலகத்தில் கண்டெடுத்தார். தனித்தனிச் சமன்பாடுகள் ஒவ்வொன்றாக நிறுவப்பட்டு வந்தன; ஆனால் அவையெல்லாம் எந்தப் பெரிய அமைப்பின் துண்டுகள் என்பது பிடிபடவில்லை. 2002இல் நெதர்லாந்தின் சாண்டர் ஸ்வெகர்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்த அமைப்பைக் காட்டினார். அந்தச் சார்புகள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவருக்கு அவை எப்படித் தெரிந்தன என்பதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அந்த ஆய்வேடு எடுத்துக்கொள்ளவும் இல்லை.